சொந்த வீடு: விலைக்கு அப்பால் உள்ள செலவுகள்

(வீட்டு வசதி குறித்த கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பெற்ற உரை)

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது பழமொழி. இரண்டிலும் முதலில் போட்ட கணக்கு இறுதிவரை நிற்பதில்லை என்பதே அதன் பொருள். இன்று நகரங்களில் வீட்டைத் தாமே கட்டுவோரைவிடக் கட்டிய வீட்டையோ அடுக்குமாடிக் குடியிருப்பையோ கடன் பெற்று வாங்குவோர் பெருகி வருகின்றனர். ஆயினும் பழமொழியின் எச்சரிக்கை சிறிதும் பழமையடையவில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் குடும்பங்களில் 86.6 விழுக்காடு சொந்த வீட்டில் வாழ்ந்தன. நகர்ப்புறங்களில் இது 69.2 விழுக்காடு, அங்கு 27.5 விழுக்காட்டுக் குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருந்தன. வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டிற்குச் செல்ல விரும்பும் குடும்பம் பெரும்பாலும் தன் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அம்முயற்சியில் இடுகிறது. ஆகவே வீட்டின் விலை என்ன என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. அவ்வீட்டை இருபது ஆண்டுகள் இழக்காமல் வைத்திருக்க என்ன செலவாகும் என்பதே முதன்மையான கேள்வியாகும். இதையொட்டிப் பொதுவாக எழும் வினாக்கள் சில இங்கு ஆராயப்படுகின்றன.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

"வங்கி கடன் தருகிறது, மீதியைச் சேமிப்பிலிருந்து கொடுத்துவிடலாம்" என்பது பலருடைய எண்ணம். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் வீட்டு மதிப்பின் 90 விழுக்காடு வரையிலும், 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனில் 80 விழுக்காடு வரையிலும், அதற்கு மேற்பட்ட கடனில் 75 விழுக்காடு வரையிலுமே வங்கிகள் தரலாம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றைப் பொதுவாக இம்மதிப்பில் சேர்த்துக் கணக்கிடலாகாது. அவற்றை வாங்குபவர் தம் கைப்பணத்திலிருந்தே செலுத்த வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 40 லட்சம் ரூபாய் வீடு ஒன்றைக் கொள்ளலாம். 30 லட்சம் கடன் கிடைத்தால் 10 லட்சம் கைப்பணம் வேண்டும். தீர்வையும் கட்டணமும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றன. இரண்டும் சேர்ந்து 8 விழுக்காடு எனக் கொண்டால் மேலும் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஆகும். கட்டுமானத்தில் இருக்கும் வீடாயின் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. 2019 ஏப்ரல் முதல் இது 5 விழுக்காடு. பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்கும் ஏனைய ஊர்களில் 90 சதுர மீட்டருக்கும் மேற்படாமல், விலையும் 45 லட்சத்திற்கு உட்பட்டிருந்தால் 1 விழுக்காடு மட்டுமே. பணி நிறைவுச் சான்று பெற்ற பின் விற்கப்படும் வீட்டிற்கு இவ்வரி இல்லை. வழக்கறிஞர் கட்டணம், கடன் பரிசீலனைக் கட்டணம், மின் இணைப்பு, அலமாரி, குடிபெயரும் செலவு ஆகியவை இவற்றிற்கு மேல். 10 லட்சத்துடன் புறப்பட்ட குடும்பம் எஞ்சிய தொகைக்கு நகையை அடகு வைப்பதும், கூடுதல் வட்டிக்குத் தனிக்கடன் வாங்குவதும் இக்கட்டத்திலேதான்.

வாடகை வீண், தவணை சேமிப்பா?

வாடகைப் பணம் திரும்பி வராது, தவணைப் பணமோ வீடாகிறது என்று கூறப்படுவது பாதி உண்மையே. 30 லட்சம் ரூபாயை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டுமே. இருபது ஆண்டுகளில் செலுத்தும் மொத்த வட்டி 32 லட்சம் ரூபாய்க்கு மேல், அதாவது அசலைக் காட்டிலும் அதிகம். ஆகவே வாடகையோடு ஒப்பிட வேண்டியது தவணை முழுவதையும் அன்று. வட்டி, சொத்து வரி, பராமரிப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகையையே ஆகும்.

அதே கடனை 15 ஆண்டுகளில் அடைப்பதாயின் தவணை 29,542 ரூபாய் ஆகும். மாதந்தோறும் சுமார் 3,500 ரூபாய் கூடுதலாகச் செலுத்துவதால் வட்டியில் 9 லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது. தனிநபர்கள் பெறும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் விதிக்கலாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வரிச்சலுகையைப் பற்றியும் ஒரு தவறான கருத்து நிலவுகிறது. தாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலான கழிவு பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்போர்க்கே உரியது. 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான முறையாகிவிட்ட புதிய முறையில் அது கிடையாது.

வட்டி உயர்ந்தால் என்ன ஆகும்?

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. அதனோடு இணைக்கப்பெற்ற வீட்டுக் கடன்களின் வட்டியும் உயர்ந்தது. 6.5 விழுக்காடு வட்டியில் 30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்குப் பெற்றவரின் தவணை சுமார் 22,367 ரூபாய். வட்டி 9 விழுக்காடானால் முதல் மாதத்திற்கு வட்டி மட்டுமே 22,500 ரூபாய் ஆகிவிடும். தவணையை உயர்த்தாமல் காலத்தை மட்டும் நீட்டினால் அக்கடன் எந்நாளும் தீராது; மாறாக, வளரும். இந்நிலை கருதியே, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன் பெற்றவரே தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. ஆனால் அவ்வாய்ப்பைப் பயன்படுத்தக் குடும்பத்தின் வருவாயில் இடம் இருத்தல் வேண்டும். இரண்டு விழுக்காடு வட்டி உயர்வைத் தாங்காத கடன், வாங்கும் நாளிலேயே மிகையான கடனாகும்.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடன் ஆகிறது. 2002-ஆம் ஆண்டு சட்டத்தின்படி, 60 நாள் அறிவிப்புக் கொடுத்த பின், நீதிமன்றத் தீர்ப்பின்றியே வீட்டைக் கைப்பற்றும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. வேலை இழப்போ நோயோ நேர்ந்தால் ஆறு மாதத் தவணைக்கேனும் கையிருப்பு இன்றியமையாதது என்பது இதிலிருந்து தெளிவாகும்.

பதிவு செய்தால் உரிமை உறுதியா?

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரமே. விற்பவருக்கு அச்சொத்து உண்மையில் உரியதா என்பதற்கு அரசு பொறுப்பேற்பதில்லை. எனவே மூலப் பத்திரங்களைத் தொடர்ச்சியாக ஆராய்வதும், வில்லங்கச் சான்று பெறுவதும், திட்ட அனுமதியைச் சரிபார்ப்பதும் வாங்குபவரின் பொறுப்பாகின்றன. இதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்த முயன்று சில லட்சங்களை இழப்போர் உண்டு.

தில்லியின் அனுபவம் இங்கு எண்ணத்தக்கது. அங்கு நெடுங்காலம் பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றின் வழியே வீடுகள் கைமாறி வந்தன. இம்முறையால் சொத்துரிமை மாறுவதில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முத்திரைத் தீர்வையைத் தவிர்த்தவர்கள் உரிமையையும் பெறாதவராயினர். அங்கீகாரமற்ற 1,731 குடியிருப்புப் பகுதிகளில் வாழ்வோர்க்கு உரிமை வழங்க 2019-இல் தனித் திட்டமே தேவைப்பட்டது.

கட்டி முடியாத வீட்டை நம்பலாமா?

வீடு கைக்கு வராமல், வாடகையும் தவணையும் ஒருங்கே செலுத்தும் நிலை மிகக் கொடியது. அதைத் தடுக்கவே 2016-ஆம் ஆண்டு மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, 2017 மே முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வாங்குவோரிடம் பெற்ற தொகையில் 70 விழுக்காட்டை அத்திட்டத்திற்கெனத் தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் முன்பணம் பெறலாகாது. சுவர்களுக்குள் உண்மையில் பயன்படும் 'கார்பெட்' பரப்பைத் தெரிவிக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்து ஐந்தாண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தோன்றின், கட்டியவரே செலவின்றிச் சீர்செய்து தர வேண்டும். இப்பாதுகாப்புகள் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற திட்டங்களிலேயே எளிதில் பயன்தரும். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கச் சில நிமிடங்களே போதும்.

குடியேறிய பின் என்ன செலவு?

வாடகைக்கு இருப்பவர் அறியாத செலவுகள் உரிமையாளரைத் தேடி வருகின்றன. அவற்றுள் முதலாவது சொத்து வரி. இது உள்ளாட்சியின் வருவாய். தெருவிளக்கும் குப்பை அகற்றலும் அதைச் சார்ந்தவை. முன்பு எதிர்பார்க்கும் வாடகையைக் கொண்டே வரி கணக்கிடப்பட்டது. பாட்னா 1993-இலும் தில்லி 2004-இலும் பரப்பளவை அடிப்படையாகக் கொண்ட முறைக்கு மாறியதால், தம் வரியைத் தாமே கணக்கிடுதல் உரிமையாளர்க்கு எளிதாயிற்று.

இரண்டாவது பராமரிப்பு. மேல்தளக் கசிவு, நீரேற்றி, மின்தூக்கி, வண்ணப்பூச்சு ஆகியவை ஆண்டுதோறும் வருவன அல்ல. வரும்போது பெருந்தொகையாக வருவன. மகாராட்டிரக் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள் இதற்கு நல்ல வழி காட்டுகின்றன. கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 விழுக்காடு ஒதுக்கு நிதிக்கும் 0.75 விழுக்காடு பழுதுபார்ப்பு நிதிக்கும் வசூலிக்க அவை வகை செய்கின்றன. கட்டுமானச் செலவு 20 லட்சமாயின் ஆண்டுக்கு 20,000 ரூபாய், அதாவது மாதம் 1,700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தனி வீட்டுக்காரரும் இதே கணக்கைப் பின்பற்றலாம்.

மூன்றாவது காப்பீடு. தீ, வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றிற்கு எதிராக வீடுகளைக் காக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான காப்பீட்டுத் திட்டம் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வீடு இடிந்தாலும் கடன் இடிவதில்லை என்பதை எண்ணினால் இதன் தேவை விளங்கும்.

செய்ய வேண்டியவை

கடனுக்கு ஆகும் உண்மையான ஆண்டுச் செலவை ஒரே தாளில் காட்டும் முக்கிய விவர அறிக்கையை 2024 அக்டோபர் முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்குத் தர வேண்டுமென ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அத்தாள் கடனைப் பற்றியது மட்டுமே. தீர்வை, சொத்து வரி, பராமரிப்பு ஆகியவற்றையும் சேர்த்து, வீட்டின் முழுச் செலவைக் காட்டும் தாள் ஒன்றைப் பதிவு அலுவலகங்களும் உள்ளாட்சிகளும் வீட்டு வசதி அமைப்புகளும் இணைந்து தயாரித்தல் அரிதன்று. அது வட்டார மொழியில், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே குடும்பத்தின் கைக்குக் கிடைக்க வேண்டும்.

வீட்டு வசதித் திட்டங்களின் வெற்றி, கட்டப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டு வருகிறது. பத்தாண்டுகளுக்குப் பின்னும் அதே குடும்பங்கள் அவ்வீடுகளில் கடன்சுமையின்றி வாழ்கின்றனவா என்பதையும் உடன் அளந்து பார்த்தால், எங்கே உதவி தேவை என்பது திட்டமிடுவோர்க்குத் தெளிவாகத் தெரியவரும்.