தூங்குமூஞ்சி என்று கூப்பிடலாமா?



இமை தொங்கிய பிள்ளையைத் தெருவில் "தூங்குமூஞ்சி" என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் கேட்டால், "தாத்தாவுக்கும் அப்படித்தான், எங்கள் குடும்பத்து முகம்" என்கிறார்கள். அந்தக் குடும்பத்து முகத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

பிறவியிலேயே மேல் இமை தொங்குவதை டாக்டர்கள் டோசிஸ் என்பார்கள். பரம்பரையாக வரும் இன்னொரு கோளாறு பிளெபரோஃபைமோசிஸ். இமை தொங்கும், கண் திறப்பு குறுகியிருக்கும், மூக்கோரத்தில் கீழ் இமையிலிருந்து ஒரு தோல் மடிப்பு மேலே ஏறும், கண்களுக்கு நடுவே இடைவெளி அகன்றிருக்கும். பெரியவர்களுக்குக் கண் திறப்பின் அகலம் வழக்கமாக 25 முதல் 30 மில்லிமீட்டர். இவர்களுக்கு 20 முதல் 22 தான்.

இது அழகுக் குறை மட்டுமல்ல. பார்க்கக் கற்றுக்கொள்வது மூளை. ஏறக்குறைய 7, 8 வயதுக்குள் அது கற்றுக்கொள்ள வேண்டும். இமை கண்ணை மறைத்தாலும், இமையின் அழுத்தத்தால் கருவிழியின் வளைவு மாறினாலும், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். இதுவே சோம்பல் கண். கல்யாணத்துக்கு முன் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தால் முகம் சீராகலாம். இழந்த பார்வை முழுவதும் திரும்புவது கடினம்.

பழி யார் மேல்? இதற்குக் காரணமான ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணு 2001-இல் கண்டறியப்பட்டது. கோளாறு தகப்பன் வழியாகவும் வரலாம், தாய் வழியாகவும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெற்றோருக்கு இல்லாமல் புதிதாகவும் தோன்றலாம். 2007-இல் மதுரை அரவிந்த் ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, சொந்தத்தில் மணம் முடித்த ஓர் இந்தியக் குடும்பத்தில், பெற்றோர் இருவரிடமிருந்தும் சேர்ந்து வரும் அபூர்வ வகையையும் கண்டார்கள். சில குடும்பங்களில் பெண்களுக்குச் சினைப்பை சீக்கிரமே செயலிழந்துவிடும். மருமகளை மலடி என்று ஏசுகிறவர்கள் இதை அறியார்கள். அவளை முன்னமே டாக்டரிடம் அனுப்புவதே உதவி.

யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் குற்றவாளியைத் தேடினார்கள். ஆண்டவர் அவன் மேலும் பழி போடவில்லை, அவனைப் பெற்றவர்கள் மேலும் போடவில்லை. கண்ணைத்தான் கவனித்தார்.

நாமும் அப்படியே செய்வோம். தாடையைத் தூக்கி, புருவத்தை உயர்த்திப் பார்க்கும் பிள்ளை, இமைக்கு அடியில் வழி தேடுகிற பிள்ளை. உடனே பார்வையைச் சோதிக்க வேண்டும். கண்ணாடி தேவைப்படலாம், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்கச் சொல்லலாம். மூக்கோர மடிப்புக்குப் பொதுவாக 3 முதல் 5 வயதுக்குள்ளும், இமைக்கு அதன் பிறகும் ஆபரேஷன் செய்வார்கள். இமை கண்மணியை மூடியிருந்தால் காத்திருக்க மாட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் தூக்கத்தில் கண் முழுவதும் மூடாமல் இருக்கலாம். கண் உலராதபடி மருந்து போட மறக்கக் கூடாது.

பல்லாவரத்தில் ரயில் ஏறினால் எழும்பூர். 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை அங்கே இருக்கிறது.

வருகிற ஞாயிறு, ஓய்வுநாள் பள்ளியில் தாடையைத் தூக்கிப் பார்க்கும் பிள்ளை உண்டா என்று கவனியுங்கள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெற்றோரிடம் பேசுங்கள். அவர்கள் கையில் வழிச்செலவுக்குப் பணம் இல்லையென்றால், அதை நாம் கொடுப்போம்.