நம் வீட்டு ஸ்டுடியோ படங்கள்

(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

கோலப் போட்டிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார் செயலாளர். அவியல் மணம் இங்கே வரைக்கும் வருகிறது. அதனால் நீட்ட மாட்டேன்.

போன மாதம் பி பிளாக்கில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் பெரிய வண்ணப் படம் ஒன்று மாட்டியிருந்தது. நீச்சல் குளம். ஓரத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் மலை. கடையில் அழகுக்கு வாங்கியது என்றார்கள். அது ஸ்லிம் ஏரன்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1970-ல் பாம் ஸ்பிரிங்ஸ் ஊரில் எடுத்தது. 1916-ல் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவப் பத்திரிகைக்குப் படம் எடுத்தார். போர் முடிந்த பிறகு சீமான்களும் சினிமாக்காரர்களும் ஓய்வாக இருப்பதைப் படம் எடுப்பதே அவருக்குத் தொழிலாகிவிட்டது. இந்தப் படத்தில் பேசிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவர் அந்த வீட்டுக்காரரேதான். குளம் அவருடையது, நாற்காலி அவருடையது, அந்த மத்தியான நேரமும் அவருடையது.

மலைக்கு நமக்கும் குறைவில்லை, ஜன்னலைத் திறந்தால் தெரிகிறது. அதே காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் அழகாக உடுத்தி, ஓய்வாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளவில்லையா? எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே நாற்காலி ஸ்டுடியோக்காரருடையது.

என் அம்மையின் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1958-ல் நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. கல்யாணம் பேசத் தொடங்கிய நேரம். அம்மை ஒரு வளைந்த கால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் உயரமான மேஜை, மேஜையில் டெலிபோன். ஒரு கை டெலிபோன்மேல். பின்னால் திரையில் தூண்களும் படிக்கட்டும் தோட்டமும் வரைந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் டெலிபோன் வயர் மேஜை விளிம்போடு முடிந்துவிடும். அம்மை முதன்முதலாக டெலிபோனில் பேசியது அதற்கு இருபது வருடம் கழித்து, தபால் ஆபீசில், என் மாமா இறந்த சேதி வந்தபோது. கையில் கட்டியிருக்கும் வாட்சும் ஸ்டுடியோவில் கொடுத்ததுதான்.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படி ஒன்று இருக்கும். ரேடியோ பக்கத்தில் நிற்கும் சித்தப்பா, சைக்கிளைப் பிடித்தபடி பெரியப்பா, கையில் புத்தகத்தோடு எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி. சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த நிற்பும் சாய்வும் எங்கிருந்து வந்தன என்றால், பெரும்பாலும் சினிமாவிலிருந்து. 'பேசும் படம்' பத்திரிகையில் வரும் நடிகைகளின் படங்களைப் பார்த்துத்தான் பின்னலைத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொள்வது, கன்னத்தில் விரல் வைப்பது எல்லாம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடுதான் இருந்தோம். ஆகவே லலிதா, பத்மினி, ராகினி மூவரும் நமக்கு அயலூர்ப் பெண்கள் அல்ல. ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்' 1951-ல் வந்தது. அதில் பத்மினியைப் பார்த்தபிறகு இங்கே எத்தனை பெண்கள் கண்ணாடி முன் நின்று புருவத்தைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள் என்று கணக்கில்லை. என் அம்மை ஒத்துக்கொள்ளவே மாட்டாள். படம் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் சினிமாவிலிருந்து வாங்காத ஒரு படம் உண்டு, அது முழுக்க நம்முடையது. பூச்சடைப் படம். சடங்கு, கல்யாணம், வளைகாப்புக்கு வாழைமட்டையில் பூவைத் தைத்துப் பின்னலோடு கட்டுவார்கள். அதன் அழகு முழுக்க முதுகுப் பக்கம். முகமும் தெரிய வேண்டும், பின்னலும் தெரிய வேண்டும். அதற்காக ஸ்டுடியோக்காரர் ஆளுயரக் கண்ணாடியை வைத்து, அதன்முன் பெண்ணைச் சரித்து நிறுத்துவார். ஒரே படத்தில் முன்னும் பின்னும். காமிராவும் விளக்கும் கண்ணாடிக்குள் விழாமல் கோணம் பார்க்க வேண்டும், லேசான வேலை இல்லை.

நேரமும் கைகொடுக்க வேண்டும். மொட்டாக இருக்கும்போது தைத்தால்தான் வரிசை நிற்கும். சாயங்காலம் பூ விரிந்துவிட்டால் வடிவம் கலைந்துவிடும். விடியுமுன் தோவாளைச் சந்தையில் பிச்சியும் மல்லியும் வாங்கி, தைத்து முடித்து, பஸ் பிடித்து, கூட்டத்தில் பின்னல் நசுங்காமல் நாகர்கோவில் போய்ச் சேர வேண்டும். என் சடங்குக்குப் பெரியம்மை பஸ்சில் இரண்டு கையையும் என் முதுகுக்குப் பின்னால் அரணாக வைத்துக்கொண்டு நின்றே வந்தாள். தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வந்தன.

இன்னொரு விஷயம். பழைய படங்களில் வெள்ளைப் பூ மட்டும் பளிச்சென்று இருக்கும், கனகாம்பரம் கறுப்பாகத் தெரியும். அக்காலத்துப் பிளேட்டுகள், பிலிம்கள் பலவற்றுக்குச் சிவப்பு சரியாகப் பிடிபடாது. குங்குமமும் அரக்குப் புடவையும் அதனால்தான் கருத்துப் போயின. துக்கத்துக்கு எடுத்த படம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முகத்தை மட்டும் விடமாட்டார்கள். நெகட்டிவில் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டால், அந்த இடம் அச்சில் வெளுப்பாக விழும். தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே உள்ள கருமை போகும். அதோடு நிறமும் கொஞ்சம் ஏறும். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் கேட்கவே வேண்டாம். இதில் எனக்குக் கசப்பு உண்டு. அம்மையின் நெற்றியில் சின்ன வயதில் விழுந்து பட்ட தழும்பு ஒன்று இருந்தது. அது இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. படத்தில் அது இல்லை.

இதையெல்லாம் இன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் பழைய வீட்டை விட்டு இங்கே வந்தவர்கள். அங்கே கூடத்தில் சுவர் முழுக்கப் படம் இருந்தது. இங்கே ஆணி அடிக்கவே யோசிக்கிறோம். நாங்கள் வீட்டைக் காலி செய்த அன்று, சட்டம் போட்ட படங்கள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் விலை போட்டு ஆக்கர் கடைக்காரர் எடுத்துப் போனார். சரி என்று சொன்னது நான்தான். அம்மையின் படம் தப்பியது, அது பெட்டியில் இருந்ததால்.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களைத் தேடிப்போய், 1880 முதல் 1980 வரையிலான படங்களை எண்மப் பதிவாக்கியிருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் ஒரு திட்டம் அதற்கு உதவியது. நல்ல வேலை. ஆனால் ஸ்டுடியோவில் கிடைப்பது முகம். பெயர் தெரிந்தவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். படங்களை எடுத்து, எண்பது வயதுக்காரர் யாராவது பக்கத்தில் இருக்கும்போதே, பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். ஒட்டும் பசை உள்ள ஆல்பத்தில் இருந்தால் இழுக்காதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கள். சித்திரைக்குள் கொடுத்தால் நம் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க வைக்கலாம் என்று செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆணி அடிக்க அனுமதியும் உண்டு.

கடைசியாக ஒன்று. அம்மையின் பெட்டியில் இன்னொரு படமும் இருந்தது. அதே ஸ்டுடியோ, அதே திரை. கண்ணாடி முன்னால் இரண்டு பெண்கள், இருவருக்கும் பூச்சடை, ஒருத்தி தோளில் ஒருத்தி கை. இடதுபக்கம் நிற்பது அம்மை. மற்றவள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றியபோது அம்மை இல்லை. படத்தின் நகலை லிப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். மூக்குத்தி இரண்டு பக்கமும் போட்டிருப்பாள், லேசாகச் சிரித்திருப்பாள். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது பெரியவர்கள் ஒருமுறை பாருங்கள். தெரிந்தால் ஏ பிளாக் இரண்டாம் மாடிக்கு வந்து சொல்லுங்கள், எந்த நேரமானாலும் சரி.