சீட்டில் எழுதிய பேர்

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கிற என் இனிய நண்பர்களே! கவனிச்சீங்களா, எதிரணியைக்கூட 'நண்பர்களே'ன்னுதான் கூப்பிட முடியுது. 'உறவினர்களே'ன்னு கூப்பிட்டா, பங்கு கேக்க வந்துட்டானோன்னு பயந்துடுவாங்க! (சிரிப்பு)

'துன்பத்தில் பெரிதும் துணை நிற்பது உறவா, நட்பா?' இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா, "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்"னாங்க. உண்மைதான். நான் மறுக்கலே. ஆனா அந்தச் சதையே முள்வேலிக்குள்ள மாட்டிக்கிட்டா யார் வருவா? அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் குடியிருக்கிறது சிட்லபாக்கம். காலையிலே தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல மின்சார ரயில் பிடிக்கிற கூட்டம் ஒண்ணு எங்களுக்கு உண்டு. ஒரே வண்டி, ஒரே பெட்டி. அதிலே ஒருத்தர் கிளிநொச்சிக்காரர். 1990-ல போர் மறுபடியும் மூண்டப்போ படகேறி வந்தவர். தி.நகர்ல ஒரு கடையில கணக்கு எழுதிக்கிட்டு, முகாமுக்கு வெளியே, போலீஸ் ஸ்டேஷன்ல பதிவு பண்ணிக்கிட்டு, வாடகை வீட்டில் இருந்தார். ரயில்ல அவர் "ஓமோம்"னு சொன்னா, பெட்டியே "ஓமோம்"னு சொல்லும்! (சிரிப்பு)

2009 மே மாதம் வன்னியிலே போர் முடிஞ்சுது. கிட்டத்தட்ட மூணு லட்சம் பேரை வவுனியாப் பக்கம் முகாம்கள்ல அடைச்சாங்க. அதிலே பெரியது செட்டிக்குளத்து மெனிக் பாம். சுற்றிலும் முள்கம்பி. அதுக்குள்ளே நம்மவருடைய தங்கச்சி, இரண்டு பிள்ளைகளோட. தங்கச்சி புருஷன் இல்லை, போரிலே போயிட்டார். இந்தச் சேதி தெரிஞ்ச நாள்லேயிருந்து நம்மவர் ரயில்ல பேசறதையே நிறுத்திட்டார்.

நாங்க சும்மா இருப்போமா? ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம்னு போட்டு, ஒரு கவர்ல வெச்சு நீட்டினோம். அவர் கையே நீட்டலே. "குறை நினைக்காதேங்கோ அண்ணை. எனக்கு வேலை செய்யிற கை இருக்கு. ஏந்துற கை இன்னும் வரேல்லை" என்றார்.

சபையோரே, எனக்குச் செருப்பாலே அடிச்ச மாதிரி இருந்தது. உதவி பண்ணத் தெரிஞ்ச எங்களுக்கு, உதவி பண்ற விதம் தெரியலே!

வள்ளுவர் சுற்றத்தைத் தழுவச் சொல்லி ஓர் அதிகாரம் வைத்தார். நட்புக்கு எத்தனை தெரியுமா? நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து! (கைதட்டல்) நட்புக்கு அவர் காட்டுற உவமை என்ன? நழுவுகிற ஆடையைப் பிடிக்க ஓடுகிற கை. அந்தக் கை எதைக் காப்பாத்துது? துணியையா? இல்லீங்க, மானத்தை! பணம் கொடுக்கிறது உதவி. மானம் போகாமக் கொடுக்கிறதுதான் நட்பு.

எங்க கூட்டத்திலே ஒரு காய்கறிக் கடைக்காரர். நான் முனைவர் பட்டம் வாங்கினவன், அவர் எட்டாவது. ஆனா வழி சொன்னது அவர். "சார், ஒரு குலுக்கல் சீட்டுப் போடுவோம். இருபது பேர், மாசம் ரெண்டாயிரம். முதல் சீட்டு யாருக்கு விழணும்னு கடவுள்கிட்ட ஏன் விடணும்?" என்றார்! (சிரிப்பு)

ஆகஸ்ட் முதல் தேதி, என் வீட்டுத் திண்ணை. டிபன் டப்பாவிலே இருபது சீட்டு. ஒரு குழந்தை எடுத்தது. நம்மவர் பேர்! நாற்பதாயிரம் ரூபாய். அவர் கண்ணிலே தண்ணி. நாங்க எல்லாரும் கை தட்டற மும்முரத்திலே, டப்பா கவிழ்ந்து சீட்டெல்லாம் சிதறிப் போச்சு. காய்கறிக் கடைக்காரர் பாய்ஞ்சு பொறுக்கினார். நம்மவரும் குனிஞ்சார். ஒரு சீட்டைச் சட்டைப் பையிலே போட்டுக்கிட்டார். ஒண்ணும் பேசலே.

அந்தப் பணம் வங்கி வழியா வவுனியாவிலே தங்கச்சியின் நாத்தனாருக்குப் போச்சு. எதிரணி குறிச்சுக்கலாம், நாத்தனார் உறவுதான்! ஒரு காசு குறையாமக் கொண்டு சேர்த்தாங்க. நான் கும்பிடறேன். முதல்லே பிள்ளைகளுக்குப் பால்மா. 2010-ல ஊர் திரும்பினப்போ கூரைக்குத் தகரம், ஒரு தையல் மெஷின். நம்மவர் மாசா மாசம் முதல் தேதி தவறாம ரெண்டாயிரம் கட்டினார். இருபது மாசம். அவர் யாருக்கும் கடன்படலே. எங்களுக்கும் ஒரு காசு நஷ்டமில்லே. எங்க முறையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டோம், அவ்வளவுதான். 2012-ல அவரும் ஊருக்கே போயிட்டார்.

2015 டிசம்பர். உங்களுக்கே தெரியும். சிட்லபாக்கம் ஏரி எங்க தெருவுக்கு வந்தது. என் வீட்டிலே இடுப்பளவு தண்ணி. முப்பது வருஷமாச் சேர்த்த புத்தகம், கட்டில், பீரோ எல்லாம் போச்சு. உறவினர்கள் போன் பண்ணி, "நாங்க அப்பவே சொன்னோம், ஏரிப் பக்கம் வீடு வாங்காதேன்னு" என்றார்கள். (பலத்த சிரிப்பு)

நாலாம் நாள் கிளிநொச்சியிலிருந்து ஒரு போன். "அண்ணை, பிள்ளையள் சுகமே?" என்றார். "ஒண்ணும் வேண்டாம்ப்பா, சமாளிச்சுக்கறேன்" என்றேன். பேராசிரியர் இல்லையா! எனக்கும் ஏந்துற கை வரலே.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார்: "தானம் ஒண்டும் இல்லை அண்ணை. நாங்கள் ஒரு சீட்டுப் போடுவமே? முதல் குலுக்கல்ல உங்கட பேர்தான் விழும். அந்தப் பழைய துண்டு என்னட்டை இன்னும் கிடக்கு."

(நீண்ட கைதட்டல்)

ஆறு வருஷமா அவருக்குத் தெரியும்! தெரிஞ்சும் எங்க மானத்தையும் காப்பாத்தினார்.

நடுவர் அவர்களே! உறவு ரத்தத்தாலே வரும். அதை நான் குறை சொல்லலே. ஆனா இருபது சீட்டிலேயும் அடுத்தவன் பேரை எழுதி வைக்கிறானே, அவன்தான் நண்பன். துன்பத்தில் பெரிதும் துணை நிற்பது நட்பே எனத் தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.