ஆற்றுப்படை காட்டும் அடிசில் வழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பசித்த வழிப்போக்கனுக்கு வழி சொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். உ.வே.சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் அச்சேற்றிய பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை அடியவனை இறைவனிடம் செலுத்துவது. ஏனைய நான்கும் வறுமையில் உழலும் கலைஞனை வள்ளலிடம் செலுத்துகின்றன. பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிரே வரும் மற்றொருவனை நிறுத்தி வழி கூறுகிறான். எந்தத் துறையில் இறங்குவது, எந்தக் காட்டைக் கடப்பது என்பதோடு அவன் பேச்சு முடிவதில்லை. எந்த ஊரில், எவர் வீட்டில், என்ன சோறு கிடைக்கும் என்பதையும் சொல்லி அனுப்புகிறான். தமிழில் பயண நூலும் உணவு நூலும் ஒரே வயிற்றில் பிறந்தவை எனலாம்.

இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோர் இதனைத் தெளிவாகக் காண்பர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு, எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறு ஆமான் சூட்டிறைச்சியோடு கிடைக்கும். ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும் காத்திருக்கும். கடல், காடு, வயல் என நிலம் மாற, இலையில் விழும் உணவும் மாறுகிறது. திணை என்பது ஏட்டில் மட்டும் இருந்த இலக்கணம் அன்று. அது உலையில் கொதித்த பொருள்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் நுணுகிச் செல்கிறார். ஆயர் குடியில் பாலொடு தினைச்சோறு. உழுதுண்போர் சிற்றூரில் வரகுச் சோற்றொடு அவரைப் பருப்பு. அந்தணர் மனையில் மாதுளம் பிஞ்சின் பிளவை மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் பொரித்த பொரியல், அதனோடு மாவடு ஊறுகாய். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தப் பந்தியில் மாவடுவும் கறிவேப்பிலையும் இன்றைய தமிழனுக்கு உடனே தெரிந்துவிடுகின்றன. ஆனால் ஒன்று மட்டும் அங்கு இல்லை, அது மிளகாய்.

மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன் தமிழரின் காரம் மிளகு. சங்கப் பாடல்களில் ‘கறி’ என்னும் சொல்லே மிளகைக் குறித்தது. புதிய காய்க்குப் பெயர் தேடியபோது, பழைய மிளகின் பெயரையே எடுத்து ‘மிளகாய்’ என்று தமிழர் வழங்கினர். ‘கறி’ என்ற சொல்லோ காரப்பொருளினின்று நகர்ந்து, காரமிட்ட பண்டத்துக்கும், பின்னர் ஊனுக்கும் பெயராயிற்று. இவ்விரு சொற்களின் வரலாறே தமிழ்ச் சமையலின் வரலாறு. மிளகாய் வருவதற்கு முந்தைய நாக்கை அறிய விரும்பும் பயணி கோயில் மடைப்பள்ளிகளை நாடலாம். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்டிலி, மூங்கிற் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் கலந்த மாவை ஊற்றி ஆவியில் வேகவைப்பது. தில்லையில் மிளகுப்பொடி மணக்கும் சம்பா சோறும் கத்தரிக்காய்க் கொத்சும் இணைபிரியாதவை.

இன்று சுவை நாடிப் புறப்படும் பயணிக்குப் புதிய ஆற்றுப்படை ஒன்று வகுப்பதாயின், பழைய திணை வழியே போதுமானது.

குறிஞ்சியில் தொடங்கினால் பழனி. விருப்பாச்சி மலைவாழைப் பழத்தோடு நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் சேரும் பஞ்சாமிர்தத்தில் ஒரு துளி நீரும் கலப்பதில்லை. அது நெடுநாள் கெடாதிருப்பதன் காரணம் அதுவே. 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையின் வாழையும் தேனும் அடிவாரத்தில் கூடிக் கடவுளின் பெயரால் வழங்கும் பண்டம் இது.

முல்லையும் வானம் பார்த்த மேட்டுநிலமும் தழுவிய கொங்கு நாட்டில் நெல்லைவிடக் கம்பும் சோளமும் கேழ்வரகும் கொள்ளும் மூத்தவை. அரிசியும் துவரம்பருப்பும் ஒரே உலையில் வேகும் அரிசிம்பருப்புச் சோறு, கடைந்த கொள்ளு, தேங்காய்ப்பாலும் வெல்லமும் கூட்டி உண்ணும் சந்தகை, பண்டிகை நாளின் ஒப்புட்டு ஆகியவை அந்நாட்டின் முகவரி. அங்கு மசாலை மிகுதியில்லை. விளைந்த பொருளின் சுவையே முன்நிற்கும்.

மருதத்தின் பெருமை அரிசி. மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா, கருங்குறுவை, காட்டுயானம் என நீளும் பெயர்ப்பட்டியலே ஒரு பாட்டைப்போல் ஒலிக்கும். பசுமைப்புரட்சிக்குப் பின் வயலைவிட்டு அகன்ற இவ்வகை நெல்களுள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை மீட்டு, உழவர் கைகளில் விதையாகத் திருப்பிக் கொடுத்தவர் 2018இல் மறைந்த நெல் செயராமன். காவிரிப் படுகையில் திருவையாற்றின் அசோகா பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது; கும்பகோணத்துக் கடப்பா பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் கூடிய குழம்பு. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் அரண்மனைச் சமையலைச் ‘சரபேந்திர பாகசாத்திரம்’ என்னும் நூல் காத்து வைத்திருக்கிறது. சமையலுக்கு நூல் எழுதும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. நல்லியக்கோடனின் அடுக்களை வீமன் இயற்றிய நூல்நெறி வழுவாதது என்று நத்தத்தனார் அன்றே புகழ்ந்துள்ளார். தாமிரபரணிப் பக்கம் திரும்பினால், ஊறவைத்த கோதுமையை அரைத்துப் பாலெடுத்துக் கிண்டும் நெல்லை அல்வாவும், தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் மிதக்கும் சொதியும் எதிர்கொள்ளும். திருமணத்திற்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் சொதி இடுவது நெல்லைச் சைவர் வழக்கம்.

நெய்தலில் கீழக்கரையின் தொதல் இருக்கிறது. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் நெடுநேரம் கிண்டிய இப்பண்டம், இலங்கையிலும் மலாய் நாட்டிலும் சாவகத்திலும் ஏறத்தாழ அதே பெயரில் வழங்குகிறது. பாய்மரக் கப்பல்கள் சென்று மீண்ட வழி அந்த இனிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. தூத்துக்குடி மக்ரூனின் பெயர் ஐரோப்பாவினுடையது, முந்திரி பிரேசில் நாட்டிலிருந்து வந்தது, பக்குவம் மட்டும் அத்துறைமுகத்துக்கே உரியது. பாக்கு நீரிணையைக் கடந்தால் யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மாவில் மீன், நண்டு, இறால், கணவாய், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை யாவும் புளியோடும் மிளகாயோடும் கூடிக் கொதிக்கும். அதனைத் தனியே ஒருவர் குடிப்பது அரிது. சுற்றம் கூடி வட்டமாய் அமர்ந்து, பலாவிலையைக் கோலி அள்ளிக் குடிப்பர். 1983க்குப் பின் ஊரைவிட்டு ஓடியவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் அதே கூழை ஆக்கினர். பனையில்லாத நாட்டில் ஒரு பொட்டலம் ஒடியல் மா ஊரையே மடித்துவைத்த பொதியாயிற்று.

பாலைக்கு ஒப்பான கரிசல் நிலம், பருத்திக்கொட்டையிலிருந்தும் பால் கறந்தது. ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பருத்திப்பாலில் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் கூட்டி, மதுரைத் தெருக்களில் மாலை வேளையில் விற்பர். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. மானாவாரி நிலக்கடலையும் வெல்லப்பாகும் தவிர அதில் ஆடம்பரம் ஏதுமில்லை.

இவ்வழி முழுவதும் நடந்தபின் பயணிக்கு ஒன்று விளங்கும். ‘மரபு உணவு’ என்று போற்றப்படும் பலவும் வந்தேறிப் பொருள்களால் ஆனவை. மரவள்ளி 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாளின் முயற்சியால் பரவி, நாஞ்சில் நாட்டு ஏழையின் மீன்கறிக்குத் துணையாயிற்று. செட்டிநாட்டு விருந்தில் இனிக்கும் கவுனி அரிசி பர்மா வணிகத்தின் நினைவு. வெளியிலிருந்து வந்ததை ஏற்றுத் தன் மண்ணின் பக்குவத்தால் தனதாக்கிக்கொள்ளும் ஆற்றலே மரபு. கலப்பின்மையை மரபென்று பேசுவோர் தம் இலையிலுள்ள மிளகாயை முதலில் எடுத்து ஒதுக்கவேண்டியிருக்கும்.

மற்றொன்றும் விளங்கும். பந்தி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சேரன்மாதேவிக் குருகுலத்தில் மாணவரைப் பிரித்து உண்பித்ததால் 1924-25ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி, தமிழக அரசியலின் திசையையே மாற்றியது. எந்தப் பண்டம் எவர் வீட்டில் சமைக்கப்பட்டது என்று வியக்கும் பயணி, அவ்வீட்டின் திண்ணைவரையே வர இசைவு பெற்றவர் எவர் என்றும் கேட்கக் கடமைப்பட்டவர். அக்கேள்விக்கு விடையாக வடலூரில் ஓர் அடுப்பு எரிகிறது. 1867ஆம் ஆண்டு வள்ளலார் ஏற்றிய சத்திய தருமச்சாலை நெருப்பு இன்றளவும் அணையவில்லை. சாதி கேளாமல், ஊர் கேளாமல் சோறு இடுகிறது. தமிழ்நாட்டில் பயணி உண்ணவேண்டிய உணவுகளின் வரிசையில் அந்தச் சோற்றுக்கே தலையிடம்.

கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் சொற்களைப் பற்றி ஒரு சொல். ஒரு பண்டம் மறையும்போது அதனோடு ஒரு சொற்குடும்பமே மறைகிறது. கடைதல், கிண்டுதல், துழாவுதல், வதக்குதல், வாட்டுதல், தாளித்தல் என்னும் வினைகள் ஒவ்வொன்றும் நெருப்பின் அளவையும் கையின் அசைவையும் தனித்தனியே சொல்வன. அவற்றையெல்லாம் ‘செய்தல்’ என்ற ஒரே வினைக்குள் அடைப்பது சமையலுக்கும் தமிழுக்கும் ஒருங்கே நேரும் இழப்பு. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்ட கி.ராசநாராயணன் 2021இல் மறைந்தார். மக்கள் வாயில் வாழும் சொல்லை ஒருவர் துணிந்து தொகுக்கலாம் என்பதற்கு அவர் வழிகாட்டி. கொங்கு அடுக்களைக்கும், நாஞ்சில் அடுக்களைக்கும், கீழக்கரை அடுக்களைக்கும் அத்தகைய தொகுப்புகள் வேண்டும். அச்சொற்களை உடைய மூதாட்டியர் இன்னும் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்கள் அடுப்படியை விட்டு ஓய்வதற்குள் கேட்டு எழுதிக்கொள்வது, பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்குத் தக்க பணி.

முடிவாக, சிறுபாணாற்றுப்படையின் ஒரு காட்சி. பரிசில் பெற்றவன் தன் பழைய நிலையை நினைவுகூர்கிறான். கூரை இற்றுவிழுந்த, சுவரில் காளான் பூத்த அடுக்களை. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பு வாங்க வழியில்லை. உப்பின்றி வெந்ததைப் பிறர் கண்டுவிடுவர் என்று நாணி, கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். குழல்மீனும் நண்டும் புளிச்சோறும் வரிசையாய் வரும் அதே பாட்டில்தான் இந்த அடைத்த கதவும் இருக்கிறது. உப்பில்லாக் கீரையை உண்டவன் சொல்வதால்தான் அவன் காட்டும் வழிக்கு மதிப்பு.

இன்று நகரத்து உணவகங்களில் கம்பங்கூழும் களியும் வேளைக்கீரையும் அருஞ்சுவையாக விலைபோகின்றன. அவற்றை விரும்பி உண்பதில் பிழையில்லை. ஒருகாலத்தில் அவற்றை வேறு வழியின்றி உண்டவர்களின் அடைத்த கதவை நினைவில் வைத்து உண்டால், சுவையோடு பொருளும் கிட்டும். உணவைப் பாடும் கவிஞன் அந்தக் கதவை மறவாதிருப்பானாக.