சர்க்கரை நோயும் விழித்திரை விலகலும்

(கிளைக் கூட்டத்தில் கண் மருத்துவரான அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



என் சித்தப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. "கண்ணு நன்னாத் தெரியறதேடா, எதுக்கு டெஸ்ட்?" என்பார். ஒரு நாள் காலை சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தவருக்கு வலது கண்ணில் கறுப்புத் திரை விழுந்தது. குடும்பத்தில் கண் டாக்டர் இருந்தும் இப்படி ஆயிற்றே என்ற வருத்தத்தில்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நாள்பட்ட சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. பிராணவாயு கிடைக்காத இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை பலவீனமானவை, எளிதில் ரத்தம் கசியும். கூடவே வளரும் நார்ச்சவ்வு சுருங்கும்போது விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும். வலியே இராது. மையப் பகுதியான மாக்குலா விலகும்வரை பலருக்குத் தெரிவதுமில்லை.

இதற்கான அறுவை சிகிச்சை விட்ரெக்டமி. 1970களின் தொடக்கத்தில் மயாமியில் டாக்டர் ராபர்ட் மாக்கெமர் உருவாக்கியது. கருவிழி ஓரத்திலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தள்ளி மூன்று துளைகள்: திரவத்துக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, வெட்டும் கருவிக்கு ஒன்று. கண்ணுக்குள் இருக்கும் கூழையும் ரத்தத்தையும் அகற்றிவிட்டு, சவ்வைத் துண்டு துண்டாக நறுக்கியோ அடியோடு உரித்தோ எடுப்போம். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு அப்பளங்களைக் கிழியாமல் பிரிப்பது போன்ற வேலை! பிறகு லேசர், தேவையானால் விழித்திரையைத் தாங்க வாயு அல்லது சிலிக்கோன் எண்ணெய். முன்பு துளை சுமார் 0.9 மில்லிமீட்டர், தையலும் உண்டு. 2002 முதல் அரை மில்லிமீட்டர் கருவிகள் வந்தபின் பெரும்பாலும் தையலே வேண்டாம். சிலருக்கு ரத்தக் கசிவைக் குறைக்கச் சில நாள் முன்பு பெவாசிசுமாப் ஊசி போடுவதுண்டு. ஊசி போட்டபின் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது, இழுவிசை கூடிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. வாயு நிரப்பியிருந்தால், அது முழுதும் கரையும்வரை விமானப் பயணம் கூடாது, மலைவாசஸ்தலமும் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வையே போய்விடலாம். பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா டிக்கெட் எடுத்திருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

சித்தப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடி நடந்தது. ஆனாலும் வலது கண்ணுக்கு இன்று வாசற்படி தெரிகிறது, அவ்வளவே. உரிய நேரத்தில் லேசர் செய்த இடது கண்ணால் பேப்பர் படிக்கிறார். வித்தியாசம் அந்த ஒரு பரிசோதனைதான்.

ஆகவே, பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை என்றால் கண்டறிந்த உடனேயும், பிறகு வருஷம் ஒரு முறையும், சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு நம்பர் பார்ப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. சர்க்கரையோடு ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள்.