சாவி யார் கையில்?

(பாகாலாவில் நடந்த குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் காட்பாடியில் ரயிலேறி இந்தப் பாகாலா சந்திப்பில் வந்து இறங்கியவர்கள். பிழைப்பு இங்கே, ரேஷன் அட்டை அங்கே. துணிமூட்டையோடு நாம் வந்து சேருமுன்பே நம்முடைய ஆதார் எண்ணும், விரல் ரேகையும், வங்கிக் கணக்கும் எங்கெங்கோ உள்ள கணிப்பொறிகளில் குடியேறிவிட்டன. அவை யார் காவலில் இருக்கின்றன என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இது படித்தவர்கள் பாடு என்று ஒதுங்கிவிட வேண்டாம். மாநிலம் கடந்து ரேஷன் வாங்கும் திட்டம் 2019 ஆகஸ்டில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் தொடங்கியது. 2020 அக்டோபரில் தமிழ்நாடும் சேர்ந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை இருந்தால் ஊர் விட்டு ஊர் வந்தவரும் அரிசி பெறலாம். நல்ல திட்டம்தான். ஆனால் விரலை வைத்து, கணிப்பொறி தலையசைத்த பிறகே அரிசி விழுகிறது. ஆகவே நம்மைப் பற்றிய விவரம் என்பது நம் வீட்டு உலைப்பானையோடு சேர்ந்த விஷயம்.

கணிப்பொறியை இன்னொரு நாடு அணைத்துவிட முடியுமா? முடியும். குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ரஷ்ய நிறுவனம் அதில் பங்குதாரர் என்பதால் 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்த இந்திய ஆலைக்குக் கொடுத்துவந்த மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்திவிட்டது. விவகாரம் டில்லி உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சில நாட்களில் சேவை திரும்பியது. இந்திய மண்ணில் உள்ள ஆலை, இந்தியச் சட்டத்தை மீறவில்லை. ஆனாலும் அதன் வேலையைக் கடல் கடந்து நிறுத்த முடிந்தது. நாளை இது ஒரு அரசு அலுவலகமாக இருந்தால் என்ன ஆகும்?

கணிப்பொறியை இந்தியாவில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2018-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கக் கம்பெனியின் பொறுப்பில் உள்ள விவரம் உலகில் எந்த மூலையில் இருந்தாலும், அமெரிக்க அதிகாரிகள் முறைப்படி கேட்டால் கொடுக்க வேண்டும். பிரெஞ்சு மக்களின் விவரம் ஒருபோதும் அப்படிப் போகாது என்று உறுதி தர முடியுமா என 2025 ஜூனில் பிரான்ஸ் செனட் சபையில் கேட்டபோது, மைக்ரோசாஃப்டின் பிரெஞ்சு அதிகாரி முடியாது என்றே சொன்னார். பெட்டி நம் வீட்டில் இருந்து பயனென்ன, சாவி அயலான் இடுப்பில் தொங்கினால்?

'நம்பகமான கணிப்பொறி' என்கிறார்களே, அதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு ஒற்றைப் பாதை டோக்கன் தெரியும். டோக்கன் கைக்கு வராமல் வண்டி நகராது. கணிப்பொறியிலும் அப்படியே. உள்ளே ஒரு சில்லு இருக்கிறது. இயந்திரம் உயிர் பெறும்போதே ஒவ்வொரு நிரலின் முத்திரையையும் அது சோதிக்கிறது. முத்திரை சரியில்லை என்றால் நிரல் ஓடாது. புதிய வகை விரல்ரேகைக் கருவிகளில் ரேகை கருவிக்குள்ளேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகிறது. ஏற்பாடு நல்லதே. ஆனால் டோக்கன் கொடுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் யார்? முத்திரையின் சாவி அயல்நாட்டுக் கம்பெனியிடம் இருந்தால், அந்த இயந்திரம் முதலில் நம்புவது அந்தக் கம்பெனியைத்தான்.

அரசும் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. பணப் பரிமாற்ற விவரங்களை இந்தியாவிலேயே வைக்கும்படி 2018-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. 'சக்தி' என்ற செயலியை உருவாக்கியது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், தமிழ்நாட்டிலிருந்து நடக்கும் ஜோஹோ நிறுவனத்தின் ஏற்பாட்டுக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. இவற்றை வரவேற்கிறோம்.

ஆனால் தோழர்களே, அந்நியனை மட்டும் குற்றம் சொல்லி நாம் வீடு திரும்பிவிடலாகாது. 2017 மே மாதம் வெளியான ஓர் ஆய்வு, நான்கு அரசுத் தளங்களிலிருந்து சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியே தெரிந்திருக்கலாம் என்று கணித்தது. அந்த நான்கில் இரண்டு ஆந்திர அரசின் தளங்கள். ஒன்று நூறு நாள் வேலைக் கூலி விவரம், மற்றொன்று 'சந்திரண்ண பீமா'. 2018 ஏப்ரலில் ஆந்திர வீட்டுவசதிக் கழகத்தின் தளத்தில் 1.34 லட்சம் பேரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதி, மதம் எல்லாம் திறந்து கிடந்தன. அதே ஆண்டு தெலங்கானாவில் ஒருவன் பத்திரப் பதிவுத் தளத்திலிருந்து கைரேகைகளை எடுத்து, ரப்பரில் அச்சு வார்த்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்தான். இவற்றில் எந்த அந்நியன் வந்தான்? கதவைத் திறந்து போட்டவர்கள் நம்மவர்களே.

கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். பெருவிரலை மாற்ற முடியுமா? செங்கல் சுமந்து ரேகை தேய்ந்த விரலுக்கு அரிசி இல்லை என்கிறது இயந்திரம். திருடன் வார்த்த ரப்பர் விரலுக்குத் தலையசைக்கிறது.

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் விவரப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. நாட்டின் கையில் சாவி இருக்க வேண்டும் என்கிறோம். அந்தக் கை மக்களுக்குக் கணக்குச் சொல்லும் கையாகவும் இருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. அரசு விவரங்களும் அவற்றின் சாவியும் இந்தியச் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். அரசு வாங்கும் கருவியையும் நிரலையும் வெளியார் சோதித்து, முடிவை வெளியிட வேண்டும். விவரம் கசிந்தால் உரியவருக்கு அவர் மொழியில் தெரிவிக்க வேண்டும். இங்கே தெலுங்கிலும் தமிழிலும். விரல் பதியவில்லை என்று எவருக்கும் அரிசி மறுக்கக் கூடாது.

நாமும் சும்மா இருக்கலாகாது. ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த நகலைக் கொடுங்கள். தேவையில்லாத நேரத்தில் ரேகையைப் பூட்டி வையுங்கள். ஆதார் செயலியில் அதற்கு வழி உண்டு. சந்தேகத்துக்கு 1947, பணம் பறிபோனால் உடனே 1930. தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் செய்து கொடுங்கள். இன்று வீடு திரும்பியதும் பக்கத்துக் குடும்பத்துக்கு இதைச் சொல்லுங்கள்.

உழைத்துத் தேய்ந்த விரல் நம்முடையது. அதன் ரேகையும் நம்முடையதே.