கண்காணிப்பும் துணையும்

"எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பது, அறிவுசார் குறைபாடு உடைய பிள்ளைகளைப் பெற்றோர் இரவில் விளக்கை அணைத்தபின் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி. சொந்த ஊரானால் சித்தப்பா, அத்தை, எதிர்வீட்டுக்காரர் என நாலு பேர் உண்டு. பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் வந்துவிட்ட நமக்கோ இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டுமே உலகம். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இத்தகையோர் நம் நாட்டில் சுமார் 15 லட்சம் பேர். அவர்களுள் வயது வந்தோர் பலர். ஆயினும் வீட்டில் அவர்களுக்குப் பெயர் 'குழந்தை'தான்.

தில்லியில் நாம் அறிந்த அத்தகைய 'குழந்தை' ஒருவருக்கு வயது 38. தாயார் எழுபதைக் கடந்தவர். மகன் தாமே குளித்து உடுத்துவார். மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாது; ஆனால் சரியான பணத்தை முதல்நாள் இரவே எடுத்து வைத்துவிட்டால், பிசகின்றிக் கொடுத்துப் பால் வாங்கி வருவார். அடுப்பை அணைக்க மட்டும் சில சமயம் மறந்துவிடும். அம்மாள் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் தங்க நேர்ந்தபோது, உறவினர் ஒருவர் கூடத்தில் காமிரா ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். படுக்கையில் இருந்தபடியே அம்மாள் மகனைக் கைப்பேசியில் காணலாம் என்பது ஏற்பாடு. மறுநாளே படம் இருண்டுவிட்டது. கருவி பழுதோ என்று ஓடிவந்து பார்த்தால், அதன்மேல் மகன் தம் துண்டைப் போர்த்தியிருந்தார். "அது என்னையே பார்க்கிறது" என்றாராம்.

அவர் சொன்னது நியாயமன்றோ? இத்துறையில் நமக்கு முன்னே சென்றுள்ள அமெரிக்க நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். அங்கே இவர்களைப் பெரிய விடுதிகளில் அடைத்து வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நியூயார்க் நகரின் வில்லோபுரூக் விடுதியின் அவல நிலையை 1972-இல் தொலைக்காட்சி வெளிப்படுத்தியபோது நாடே திடுக்கிட்டது. தக்க காரணமின்றி ஒருவரை விடுதியில் வைத்திருப்பது பாகுபாடே என்று 1999-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியே வந்தவர்கள் தனி வீடுகளில் குடியேறினர். ஆனால் இரவெல்லாம் விழித்திருக்கப் பணியாள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் செலவு மிகுதி. அதனால் எழுந்ததே தொலைவிலிருந்து துணை புரியும் முறை. இவர்களுக்கான உதவிகளைத் திட்டமிடுகையில் இத்தகைய கருவிகளை முதலிலேயே எண்ணிப் பார்க்கவேண்டும் என ஒஹையோ மாநில ஆளுநர் 2018-இல் ஆணை பிறப்பித்தார்.

இம்முறையில் காமிரா இன்றியமையாதது அன்று. நள்ளிரவில் வாயிற்கதவு திறந்தால் அதிலுள்ள உணர்கருவி ஒரு மையத்துக்குச் செய்தி அனுப்பும். அங்கே விழித்திருக்கும் பணியாளர் உடனே திரையில் தோன்றி, "எங்கே புறப்பட்டீர்கள்?" என்று விசாரிப்பார். சமையலறையில் ஆள் நடமாட்டம் இல்லையெனில் அடுப்பு தானே அணைந்துவிடும். மருந்துப் பெட்டி உரிய வேளையில் மட்டும் திறக்கும். பதில் வராவிட்டால், முன்பே பேசி வைத்துள்ள ஒருவர் நேரில் வருவார். இவை அனைத்துக்கும் அவ்வீட்டில் வாழ்பவரின் இசைவைப் பெறவேண்டும்.

நேரில் வரும் அந்த ஒருவரே இதில் முக்கியமானவர். கீழே விழுந்தவரை எந்தக் கருவியும் தூக்கி நிறுத்தாது. நம் கடைத்தெருவில் காமிரா மலிவு. ஓடிவரும் ஆள் எந்தக் கடையிலும் விலைக்கு இல்லை. 'கண்காணிப்பு' என்னும் சொல்லை மொழிபெயர்ப்புத் தொழிலில் நாம் அன்றாடம் எழுதுகிறோம். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அச்சொல்லின் வழிவந்தவரே. மேற்பார்வைக்கு அது பொருந்தும். இங்கே வேண்டுவது துணை.

நம் தில்லி நண்பரின் வீட்டில் சில மாதங்கள் கழித்து அம்மாளின் மற்ற முழங்காலுக்குச் சிகிச்சை வந்தது. இம்முறை மகனையும் உட்கார வைத்துப் பேசினார்கள். காமிரா வேண்டாம் என்றார். அழைப்பு மணி தம் கட்டிலருகே இருக்கட்டும் என்றார். கீழ்த்தளத்துப் பஞ்சாபி அம்மையார் வீட்டில் ஒலிக்கும்படி மணி ஒன்றை அமைத்து, மாற்றுச் சாவியையும் அவரிடம் கொடுத்தார்கள். நேரம் முடிந்ததும் தானே அணையும் மின்னடுப்பு வந்தது. அதற்கு முன் ஒத்திகை: அம்மாள் முதலில் ஒரு மணி நேரம் வெளியே போனார், பிறகு ஒரு பகல், பிறகு ஓர் இரவு தங்கை வீட்டில். அன்றிரவு உறங்காதவர் அம்மாள்தான்.

அம்மாளின் காலத்துக்குப் பின் என்னும் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. மாவட்ட ஆட்சியரும் அதில் உறுப்பினர். எந்தெந்தக் காரியங்களுக்குப் பாதுகாவலர் தேவை என்பதையும் அக்குழு பார்க்கவேண்டும். 2016-ஆம் ஆண்டின் சட்டமோ, பாதுகாவலரும் அவரும் ஒருவரையொருவர் நம்பிக் கலந்து முடிவெடுக்கவேண்டும் என்கிறது. இதற்காகச் சொந்த ஊருக்குப் போகவேண்டியதில்லை. வசிக்கும் மாவட்டத்தின் குழுவையே அணுகலாம். மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். பெற்றோர் நடமாட்டத்துடன் இருக்கும்போதே, மகனையும் உடன் அழைத்துச் சென்று விண்ணப்பிப்பது நலம்.